வடு இல்லாத செவலை

எனக்கு எழுபத்தெட்டு வயது. நான் பெற்ற ஐந்தோடு, நாத்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து ஏழு பேரை ஆளாக்கினவள். கையெழுத்துக்கு மேல் எழுத வராது. சொல்ல வரும்; நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

எங்களுடையது ஆலங்காயம் சாலையில் இருக்கிற சந்தை ஊர். மேற்கே மாட்டுச் சந்தை, கிழக்கே தோல் வாங்கி விற்கும் மண்டி, நடுவில் ஒரு தெரு. அந்தத் தெருவால்தான் ஊர் பிழைத்தது. இங்கே வந்தது எதுவும் விற்காமல் திரும்பியதில்லை என்று பெருமையாகச் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது மழை பொய்த்தது. கிழடாகிப்போன எங்கள் செவலைப் பசுவை அப்பா சந்தைக்கு ஓட்டினார். அழுதுகொண்டே பின்னால் போனேன்.

"யாரும் கேக்கலன்னா திரும்ப ஓட்டிக்கினு வந்துடலாம், வா" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு செவலையின் காலடியில் உட்கார்ந்தேன்.

வளர்க்கிறவர்கள் பல்லைப் பார்த்தார்கள். பால்காரர்கள் மடியைத் தொட்டார்கள். எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள்.

"இன்னா மாமா, கொடியில காயப்போட்ட துணியாட்டம் இருக்குது, இதப் போயி ஓட்டிக்கினு வந்துட்ட?" என்றான் ஒருவன்.

"உன்ன யார்றா கேட்டது, போ" என்றார் அப்பா.

வெயில் சாய்ந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று சந்தோஷமாக எழுந்தேன். அப்போதுதான் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். பல்லையும் பார்க்கவில்லை, மடியையும் தொடவில்லை. கழுத்திலிருந்து வால்வரை உள்ளங்கையால் நிதானமாகத் தடவினார்.

"உண்ணி கடிச்சிருக்குதா?"

"நான்தான் தினம் பொறுக்கிப் போடுவேன். ஒரு வடு இருக்காது" என்றேன்.

"நல்லா வெச்சிருக்க பாப்பா" என்றார்.

மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். அப்பா அதை அவிழ்த்து என்னிடம் தந்தார்.

"கழுத்தச் சொறிஞ்சாதான் தண்ணி குடிக்கும்" என்று அந்த மனிதரிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, செவலையைக் கிழக்கே ஓட்டிப் போனார்.

அப்பா முன்னால் நடந்தார். வீடு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை நின்றிருந்தது. உண்ணி கடித்ததா என்றுகூடக் கேட்கிற மனிதர் கிடைத்தாரே என்று, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நிம்மதியாக நடந்தேன். வடு இல்லாத தோலுக்குத்தான் மண்டியில் மதிப்பு என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.

எங்கே கண்ணு, எழுதினதைப் படி. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை என்று இருக்கிறதா, பாரு.