ட்ராம் ஓடிய தாலாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை, சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் தமிழ்ப் பள்ளிக்கூடக் கலைவிழா. வாசலில் நிகழ்ச்சி நிரல் தந்தார்கள். பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்கினேன். பத்திரிகை அலுவலகத்தில் காலம் கழித்தவளுக்கு வேறு மாதிரி வாசிக்கத் தெரியாது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஒரு வரியில் மட்டும் கண் நின்றுவிட்டது. 'பாரம்பரியத் தாலாட்டு. இயற்றியவர் தெரியவில்லை.' பக்கத்தில் பாட்டின் முதல் அடி.

இயற்றியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான்.

இதற்கெல்லாம் காரணம் ஹாலிவுட் என்றால் சிரிப்பீர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், மெல்பேர்னில் சனிக்கிழமை மத்தியானங்களில் தொலைக்காட்சியில் பழைய பாட்டுப் படங்கள் போடுவார்கள். அதில் ஒரு வகை, பாட்டுக் கட்டும் கூட்டாளிகளின் வாழ்க்கைக் கதை. ஒருவர் சொல், மற்றவர் பியானோ. எல்லாம் ஒரே அச்சு. தற்செயலாகச் சந்திப்பார்கள், முதல் பாட்டை ஒருவரும் வாங்கமாட்டார்கள், பிறகு புகழ், பிறகு சண்டை, கடைசியில் மண்டபமே எழுந்து நின்று கைதட்டும். வண்ணப் படங்கள்தான், ஆனால் எங்கள் பெட்டி கறுப்பு வெள்ளை. "அந்த கவுன் என்ன கலரா இருக்கும்?" என்று என்னோடு படம் பார்க்க வரும் ஸ்டெல்லா கேட்டுக்கொண்டே இருப்பாள். வாய்க்கு வந்த நிறத்தைச் சொல்வேன். நம்பிவிடுவாள்.

ஸ்டெல்லா மலேசியாக்காரி, ஈப்போ. ஆஸ்பத்திரியில் நர்ஸ். மெல்பேர்னின் மேற்கே ஃபுட்ஸ்கிரேயில் ஒரு வெள்ளைக்கார விதவையின் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். அந்த வீட்டு முன்னறையில் ஒரு பியானோ இருந்தது. நடுவில் ஒரு கட்டை ஊமை, அழுத்தினால் 'டொக்' என்று மரச்சத்தம் மட்டும் வரும். நான் நகரின் வடக்கே புருன்ஸ்விக்கில் இருந்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிருபர்கள் தொலைபேசியில் சொல்லும் செய்தியைத் தட்டச்சு செய்வது என் வேலை. செய்தியின் தலையில் அவர்களுடைய பெயர் வரும். என் பெயர் எங்கும் வராது. அந்தப் படங்களில் பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் இரண்டு பெயர்களும் அச்சாகி வரும் காட்சிக்காகத்தான் நான் காத்திருப்பேன். அப்போது இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

எங்கள் சிறிய வட்டத்தில் மெல்பேர்னிலேயே பிறந்த முதல் குழந்தைக்கு ஒரு வயது நிறையப் போனது. அதன் தாய் ஒருநாள் சொன்னாள்: "முதல் வரிக்கு மேல எனக்கு ஒரு தாலாட்டும் தெரியாது. பிள்ளை முழிச்சுப் பாத்துக்கொண்டு கிடக்கு."

"நாங்க கட்டித் தர்றோம்," என்றாள் ஸ்டெல்லா. அவ்வளவு படம் பார்த்த துணிச்சல்.

படத்தில் இவர் ஒரு சொல் சொல்வார், அவர் விரல் வைப்பார், பாட்டுப் பிறந்துவிடும். ஒருவரும் ஒரு சொல்லைக்கூட வெட்டி நான் பார்த்ததில்லை. எங்களுக்கு மூன்று கிழமை எடுத்தது, அதுவும் தொலைபேசியில். உள்ளூர் அழைப்புக்கு அன்று நேர எல்லை கிடையாது. ஸ்டெல்லா ரிசீவரைப் பியானோ மூடியின்மேல் வைத்துவிட்டு வாசிப்பாள். நான் இந்தப் பக்கம் செய்தி எடுப்பதுபோல எழுதுவேன். எனக்கு வேண்டிய இடத்தில் மெட்டு ஒருபடி ஏற மாட்டேன் என்றது.

"அதில ஏன் பாயிறாய்?"

"அந்தக் கட்டைதான் செத்துப்போச்சே லா. தாண்டித்தான் போகணும். நீ சொல்ல மாத்து."

மாற்றினேன். அந்த நேரம் என் ஜன்னலுக்குக் கீழே ட்ராம் போனது. 'ட்ராமும் வீடு சேர்ந்தது, தங்கமே நீ உறங்கு' என்று எழுதினேன். அடி அந்தத் தாவலில் போய்ச் சரியாக உட்கார்ந்தது.

பிறந்தநாள் ஒரு தேவாலய மண்டபத்தில். கல்லச்சில் பிரதியெடுக்கும் நிகழ்ச்சி நிரலை நானே கையால் எழுதினேன். யார் பெயர் முதலில் என்று படத்தில் வருவதுபோலவே இழுபறி. "பாட்டு முதல்ல காதுக்குத்தானே போகுது," என்று சொல்லி அவள் வென்றாள். இருவரும் பாடினோம். ஒருவரும் எழுந்து நின்று கைதட்டவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த குழந்தையின் அப்பப்பா, கந்தையா அங்கிள், கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"இது எங்கட அம்மா பாடின பாட்டெல்லோ!"

"இல்லை அங்கிள், நாங்கள் போன கிழமைதான் முடிச்சனாங்கள்."

"சும்மா கதையாதை பிள்ளை. என்னைத் தொட்டிலில போட்டு ஆட்டேக்க பாடினவ."

"யாழ்ப்பாணத்தில ட்ராம் ஓடினதோ?"

"அது தேர். நீங்கள்தான் ட்ராம் எண்டு மாத்திப்போட்டியள்."

பெயர் போட்ட தாளை அவருக்குமுன் நீட்டப் போனேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். "விடு. நம்ம பாட்டுக்கு ஒரு அம்மா கெடச்சிருக்கு."

எனக்குக் கோபம். அச்சில் வந்த பெயரை யார் விட்டுக்கொடுப்பார்கள்? பத்து நாள் அவளோடு பேசவில்லை. பதினோராம் நாள் தொலைபேசி அடித்தது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை. பியானோ மட்டும் வந்தது. ஊமைக்கட்டை வந்த இடத்தில், வேண்டுமென்றே, 'டொக்'. சிரித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஆறேழு சின்னப் பெண்கள் பாடினார்கள். 'தேரும் வீடு சேர்ந்தது.' அங்கிள் வென்றுவிட்டார். 'இயற்றியவர்' வரியைத் திருத்தப் பேனாவின் மூடியைக் கழற்றினேன். அப்போது அந்த இடம் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரு படியை விட்டுவிட்டு அப்படியே தாவினார்கள், ஒருத்திகூடப் பிசகவில்லை. பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அன்ரிக்கு இந்தப் பாட்டுத் தெரியுமோ? உங்கட ஊர்ப் பாட்டோ?" என்று பக்கத்தில் இருந்த ஆசிரியை கேட்டாள்.

"ஓம், எங்கட ஊர்தான்."

"எந்த ஊர்?"

"ஃபுட்ஸ்கிரே."

அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பியானோ எங்கே போனதோ தெரியாது. ஸ்டெல்லா போய் நான்கு வருடம். தாளில் எங்கள் இருவர் பெயரும் இல்லை, பாட்டில் ட்ராமும் இல்லை. ஒலிக்காத அந்த ஒரு கட்டையை மட்டும் பிள்ளைகள், ஏன் என்று தெரியாமலே, இன்னும் கவனமாகத் தாண்டிப் போகிறார்கள்.