அக்கா போட்ட கமெண்ட்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வடமதுரை பஸ் ஏறினேன். அக்காவோடு சண்டை போடத்தான் போனேன். சண்டைக்குக் காரணம், எங்கள் இருவரையும் யாரென்றே அறியாத ஒரு வெளிநாட்டுப் பெண்.

அக்காவும் நானும் பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடியவர்கள். இப்போது அவள் வடமதுரையில் அத்தானோடு சிமெண்டுக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். நான் திண்டுக்கல்லில் கணக்கு டீச்சர். மட்டையைத் தொட்டுப் பல காலமாகிவிட்டது. ஒரு நாள் அக்கா போனில் கூப்பிட்டு, "டிவியப் போடுடி. டென்னிஸ்ல அக்கா தங்கச்சி ரெண்டு பேரு சேந்து டபுள்ஸ் ஆடுறாளுக. ஒருத்தி நகந்தா இன்னொருத்தி தன்னால நகர்றா" என்றாள். அன்று பிடித்த பைத்தியம்தான்.

மூத்தவள் பின்னால் நின்று சர்வ் போட்டால் பந்து கண்ணுக்கே தெரியாது. இளையவள் வலைக்குப் பக்கத்தில் நின்று குறுக்கே பாய்ந்து முடித்துவிடுவாள். மூத்தவளின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கோப்பை வாங்கிய படத்தைத் தவிர எதுவும் இருக்காது. இளையவள் அப்படியில்லை. காலையில் தின்ற ரொட்டி, அவளுடைய நாய், ஹோட்டல் நடையில் போட்ட ஆட்டம் என்று எல்லாவற்றையும் போடுவாள். நாங்கள் ஒன்றையும் விடாமல் பார்ப்போம்.

அக்கா எங்கிருந்தோ ஒரு தமிழ் ரசிகர் குழுவைப் பிடித்து என்னையும் அதில் சேர்த்துவிட்டாள். ஆரம்பத்தில் அது நல்ல இடமாகத்தான் இருந்தது. ஆட்டம் நம்ம ஊர் நேரத்துக்கு எப்போது என்று போடுவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு டைபிரேக் என்றால் என்னவென்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அரையிறுதி. கடைசி டைபிரேக்கில் மூத்தவள் இரண்டு சர்வையும் தவறவிட்டு டபுள் ஃபால்ட் போட்டாள், ஆட்டம் போய்விட்டது. அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். இளையவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்தபடியே இருந்தாள். டிவிக்காரன் விளம்பரத்துக்குப் போகும்வரை அந்தக் கை எடுபடவில்லை.

கொஞ்ச நேரத்தில் இளையவளின் பக்கத்தில் ஒரு நடன வீடியோ வந்தது. குழு கொதித்துவிட்டது. அக்கா அழுகிறாள், தங்கச்சி ஆடுகிறாள் என்று ஒருவர் ஆரம்பித்தார். மூத்தவள் தங்கையின் பக்கத்தைப் பின்தொடரவே இல்லை என்று இன்னொருவர் துப்புத் துலக்கினார். மூத்தவள் யாரையுமே பின்தொடர்வதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. உடனே எல்லோரும் இளையவளின் பக்கத்துக்குப் போய்க் கேட்பது என்று முடிவாயிற்று.

போய்ப் பார்த்தேன். அங்கே எழுதியிருந்தவற்றை என் வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லியிருந்தால் அப்பா அம்மாவைக் கூட்டிவரச் சொல்லியிருப்பேன். இவர்களோ வேலையில் இருப்பவர்கள், பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள். அவற்றுக்கு நடுவில் அக்காவின் சிமெண்டுக் கடைப் படம் போட்ட கணக்கிலிருந்து ஒன்று. "கூடப்பிறந்தவ தோத்து உக்காந்திருக்கா, நீ ஆடுறியா? உன்னையப் பெத்தவளச் சொல்லணும்."

நான் போனபோது அக்கா அடுப்படியில் இருந்தாள். "என்னடி சொல்லாமக் கொள்ளாம வந்துட்ட? செத்த நேரம் உக்காரு, குழம்ப எறக்கிட்டு வாரேன்" என்றாள்.

"அத அழிக்கா."

"எத?"

"அந்தப் புள்ள பக்கத்துல எழுதுனத."

அக்கா சிரித்தாள். "அதுவா. எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். அவளுக்கென்ன தமிழா தெரியப் போகுது?"

"தெரியாதுங்கிற தைரியத்துலதான் எழுதுனியா? கீழ ஒரு தடவ அமுக்குனா அவ பாஷையில காட்டும். அவ அம்மாவும் படிப்பாங்க."

அத்தான் வீட்டு முன்னால் இருக்கும் கடையிலிருந்து எட்டிப்பார்த்தார். "இதுக்கா பஸ் ஏறி வந்த?"

"இதுக்குத்தான் வந்தேன்."

வீடியோவைப் போட்டு அக்கா கையில் கொடுத்தேன். ஆடுகிறவளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. அதில் ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்து கை தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள்தான். என்றைக்கோ சந்தோஷமாக எடுத்தது, அன்றைக்கு வெளியே வந்திருக்கிறது. அக்கா இரண்டு தடவை பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"நான் கவனிக்கலடி" என்றாள். என் கண் முன்னாலேயே அழித்தாள். "சாப்ட்டுப் போ."

சாப்பிட்டேன். ஆனால் கோபம் இறங்கவில்லை.

அன்றே அந்தக் கண்ணாடியைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். "நீங்க என்ன அவளுக்கு வக்கீலா?" என்றார் ஒருவர். "புகழ் வேணும்னா இதையும் தாங்கணும்" என்றார் இன்னொருவர். ஒருவர்கூட அழிக்கவில்லை. ஒரு வாரம் போவதற்குள் இளையவள் தன் பக்கத்தில் யாரும் கமெண்ட் போட முடியாமல் அடைத்துவிட்டாள். குழுவில் அதை ஜெயித்ததுபோலக் கொண்டாடினார்கள்.

அப்போதுதான் அக்கா எழுதினாள். "நானும் எழுதினேன். தப்பு. அழிச்சிட்டேன். நீங்களும் அழிங்க." கொஞ்ச நேரத்தில் அக்காவைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அசிங்கமாக எழுதியவர்கள் எல்லோரும் அப்படியே உள்ளே இருந்தார்கள். நானும் வெளியே வந்துவிட்டேன்.

சகோதரிகள் இப்போதும் சேர்ந்துதான் ஆடுகிறார்கள். அக்கா அவள் வீட்டிலும் நான் என் வீட்டிலும் போனைப் போட்டுக்கொண்டு பார்க்கிறோம். போன வாரம் ஆட்டத்துக்கு நடுவே அக்கா ஒரு சேதி சொன்னாள். அந்தக் குழு இப்போது ஓர் அண்ணன் தம்பி ஜோடியைப் பிடித்திருக்கிறதாம். தம்பிக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது. தோல்விக்கு அந்தப் பெண்தான் காரணம் என்று அவள் பக்கத்துக்குப் போய்விட்டார்களாம்.

"பாவம்டி அந்தப் புள்ள" என்றாள் அக்கா.

எனக்குப் பாவம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.