எதிரி பெயர் எழுதாத பிராது

விருத்தாசலத்திலிருந்து வாடகைக் காரில் கிளம்பியபோது வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. சென்னை விமான நிலையத்துக்கு இருநூற்றுப் பத்து கிலோமீட்டர், வாடகை ஐயாயிரம் ரூபாய். டிரைவர் கம்மாபுரம் பக்கத்துக்காரர். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டதால் கார் ஓட்டுகிறாராம். உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார்.

"அமெரிக்காவுக்காங்க? அங்க போலீஸு எடுத்த எடுப்புல சுட்டுடுவாங்களாமே? நம்மூருன்னா ஒரு கும்புடு போட்டா வுட்டுடுவாங்க."

"கும்புடு மட்டுமா போடுற நீ?" என்றேன். இருவரும் சிரித்துக்கொண்டே திண்டிவனம் போய்ச் சேர்ந்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எட்டாவது வரை படிப்பு. பீங்கான் கம்பெனியில், மின்கம்பத்துக்குப் போகும் பீங்கான் கட்டைகளைச் சூளையில் அடுக்கும் வேலை முப்பத்திரண்டு வருஷம். மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் சிவகாமி அமெரிக்காவில் இருக்கிறாள். "தனியா எதுக்குப்பா வூட்ல உக்காந்துக்கிட்டு? ரெண்டு மாசம் வந்துட்டுப் போங்க" என்று டிக்கெட் அனுப்பிவிட்டாள். பழமலைநாதரை வேண்டிக்கொண்டு ஏறினேன்.

தோஹாவில் நாலு மணி நேரம் காத்திருந்து, அட்லாண்டாவில் இறங்கி, அங்கிருந்து மகளின் காரில் நூற்றுப் பத்து மைல். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டாள். சின்ன ஊர். பைன் மரங்கள், தேவாலயங்கள், நடுவில் வெள்ளைத் தூண் வைத்த கோர்ட்டு. தெருவில் நடக்க ஆள் கிடையாது.

மறுநாள் காலை குளித்து, விபூதி பூசி, வேட்டியோடு வாசலில் இறங்கினேன். மகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அப்பா, போலீஸ் காரு பக்கத்துல நின்னுச்சுன்னா நீங்க அப்படியே நில்லுங்க. கிட்டப் போயி கும்புடாதீங்க. விபூதிப் பொட்டலம் எடுக்கறேன்னு மடியில கைய வுடாதீங்க. ரெண்டு கையும் தெரியணும்."

"என்னம்மா, நான் என்ன திருடனா?"

"திருடன் இல்லப்பா. அது அவங்களுக்குத் தெரியாதில்ல."

எதிர்வீட்டைக் கண்ணால் காட்டினாள். "அந்த வூட்டு ரூத்தம்மா புள்ளையும் திருடன் இல்ல."

ரூத் அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. கறுப்பின அம்மா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் போய் மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கு மகளோடு போனேன். சும்மா போகக் கூடாதென்று ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த பீங்கான் யானை ஒன்றைக் கொடுத்தேன். அதை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஒரு இளைஞனின் படத்தைத் துடைத்தார். பேர் டேனியல். வயது முப்பத்தொன்று. போன வருஷம் இறந்துபோனான். அவர் சொல்லச் சொல்ல மகள் நம்மூர்த் தமிழில் எனக்குச் சொன்னாள்.

"மனசு சரியில்லாத புள்ள. மாத்திரை போட்டா தங்கம். ரெண்டு வாரமா போடல. அன்னிக்குச் செடி வெட்டற கத்தரிய வச்சிக்கிட்டுக் கொல்லையில நின்னு தனக்குத்தானே பேசிக்கிட்டு இருந்தான். என்னைய ஒண்ணும் பண்ணல. அவன் கைய வெட்டிக்குவானோன்னுதான் எனக்குப் பயம். நான்தான் போலீஸுக்குப் போன் பண்ணேன். வேற யாரும் இல்ல."

நான்தான் என்ற வார்த்தையை மகள் ஒரு தடவைதான் சொன்னாள். அந்த அம்மா அதை மூன்று தடவை சொன்னார். அந்த அளவுக்கு எனக்கே ஆங்கிலம் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, ரூத் அம்மாவின் தம்பி வால்ட்டர் எங்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு கோர்ட்டு மைதானத்துக்குப் போனார். இருபத்தாறு வருஷம் போலீஸ்காரராக இருந்தவர். அக்கா மகனைச் சுட்டதும் அவர் வேலை பார்த்த அதே இலாகாதான். ஓங்கிய உடம்பு, மெல்லிய குரல். கோர்ட்டுக்குப் பின்னால் பழைய சிறைச்சாலை ஒன்று, இப்போது காட்சிக்கூடம். ஆளுக்கு ஐந்து டாலர். உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டியில் மஞ்சளான ஒரு துண்டுக் காகிதம். அடிமையாக இருந்த ஒருவன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த தன் பெண்டாட்டியைப் பார்க்கப் போய்வர எசமான் எழுதிக் கொடுத்த சீட்டாம்.

"இந்தச் சீட்டு இருக்கான்னு பாக்கறதுக்குக் குதிரையில ஆளுங்க சுத்துவாங்க. இல்லன்னா சவுக்கடி" என்றார் வால்ட்டர். "வடக்க இருந்த டவுன்ல எல்லாம் தீ, திருட்டு பாக்கற காவக்காரங்கதான் அப்புறம் போலீஸு ஆனாங்க. இங்க தெக்க, எங்க ஜனங்க மொதல்ல பாத்த போலீஸு இந்தக் குதிரைக்காரங்க. அடிமைத்தனம் போயிடுச்சி. அப்புறமும் ரொம்ப காலம், எங்க ஆளுங்களக் கும்பலு இழுத்துக்கிட்டுப் போறப்ப ஷெரீப்புங்க வேற பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

ஷெரீப் என்பவரை அங்கே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாம். மாவட்டத்துக்கு ஷெரீப், ஊருக்குத் தனிப் போலீஸ், மாநிலத்துக்குத் தனி, காலேஜுக்குக்கூடத் தனி. நம் ஊரில் ஸ்டேஷனில் நியாயம் கிடைக்காவிட்டால் மேலே எஸ்.பி. ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறுவோம். அங்கே எல்லாருக்கும் மேலே என்று ஒரு ஆள் கிடையாது.

"தெரிஞ்சும் நீங்க ஏன் அதுல சேந்தீங்க?" என்று கேட்கச் சொன்னேன். மகள் தயங்கித்தான் கேட்டாள்.

"நம்ம ஆளு ஒருத்தன் உள்ள இருந்தா மாறும்னு நெனச்சேன். கொஞ்சம் மாறுச்சி. நான் இருந்த தெருவுல மாறுச்சி."

திரும்பும்போது நிறையச் சொன்னார். இப்போது வேலைக்கு ஆள் வருவதில்லை. வருகிற பிள்ளைகளுக்குச் சில மாதப் பயிற்சி, அதில் சுடக் கற்றுக்கொடுக்கிற நேரம் அதிகம், பேசக் கற்றுக்கொடுக்கிற நேரம் குறைவு. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிற நாடு, அதனால் எந்தக் கையைப் பார்த்தாலும் போலீஸுக்குப் பயம். அந்தப் பயத்தைப் பார்த்து ஜனங்களுக்குப் பயம். குடிகாரன், புருஷன் பெண்டாட்டி சண்டை, மனசு சரியில்லாதவன், எல்லாவற்றுக்கும் ஒரே போன் நம்பர், வருவதும் ஒரே துப்பாக்கிக்காரன்.

"இப்ப சில ஊர்ல போலீஸோட ஒரு நர்ஸம்மாவையும் அனுப்பறாங்க. எங்க ஊர்லயும் அந்த வண்டி இருக்குது. திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும். டேனி செத்தது சனிக்கிழம."

பிறகு வால்ட்டர் என்னைக் கண்ணாடியில் பார்த்து, உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார். நான் பெருமையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என் தங்கச்சி வீட்டுக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. ஏதோ சந்தேகம் என்று போலீஸ் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்து அனுப்பினார்கள். அதிலிருந்து இடது காது கேட்காது. அதைப் பற்றி யாரும் புகார் எழுதிக் கொடுக்கவில்லை. நானும் எழுதிக் கொடுக்கவில்லை. இதை மகளுக்கே அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் அதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நாலாவது வாரம் ரூத் அம்மா, டேனியல் செத்த அன்றைய வீடியோப் படத்தைக் காட்டினார். போலீஸ்காரர் சட்டையில் மாட்டியிருக்கிற கேமராவில் பதிந்தது. பட்டனை அழுத்தினால் அதற்கு முந்தைய அரை நிமிஷத்துப் படத்தையும் அது சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். அந்த அரை நிமிஷத்துக்குச் சத்தம் மட்டும் இருக்காது. அந்தப் போலீஸ்காரர் பட்டனை அழுத்தியது சுட்ட பிறகு.

சுடுவதற்கு முன்பே அந்த அம்மா நிறுத்திவிட்டார். நான் பார்த்தது இவ்வளவுதான்: துணி காயும் கொடி. அதன் பக்கத்தில் அந்தப் பிள்ளை. கத்தரியைத் தாழ்த்திப் பிடித்திருக்கிறான். இடது கையை நெஞ்சில் வைத்து ஏதோ சொல்கிறான். வாய் அசைகிறது. இன்னொரு தடவை சொல்கிறான். வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்புகிறான்.

"காது கேக்காத புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தற டீச்சர் ஒருத்தங்களக் கூட்டியாந்து காட்டினேன். மொகம் திரும்பிடுச்சி, தெரியலன்னுட்டாங்க. சத்தம் ஆரம்பிக்கறப்ப அந்தப் போலீஸ்காரன் அழற சத்தம்தான் கேக்குது. எம்புள்ள குரலு இல்ல. எம்புள்ள கடைசியா என்ன சொன்னான்னு தெரிஞ்ச ஒரே ஆளு அந்தப் போலீஸ்காரன்தான். அவனோட வக்கீலுங்க அவன் வாயைக் கட்டி வச்சிருக்காங்க."

அந்த அம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். தன்னைக் கூப்பிட்டானா, தன்னைத் திட்டினானா, வலிக்கிறது என்றானா. போன் பண்ணிய கை தன்னுடையது என்பதால் அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வருவதில்லை என்றார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில், மணவாளநல்லூரில், கொளஞ்சியப்பர் என்று முருகன் இருக்கிறார், அவரிடம் பிராது கொடுக்கலாம் என்று சொன்னேன். ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது போலவே காகிதத்தில் எழுத வேண்டும். பேர், ஊர், குறை என்ன, யார் மேல் குறை. ஊர் தூரத்துக்குத் தகுந்த கட்டணம். சாமி பாதத்தில் வைத்து, முனியப்பர் வேலில் கட்டிவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் விசாரித்துத் தீர்த்துவைப்பார் என்பது நம்பிக்கை. கேட்டது நடந்தால் திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

ரூத் அம்மா கேட்டார். "உங்க சாமிக்கு இங்கிலீஷு வருமா?"

"வராதுங்க. நான் தமிழ்ல எழுதிக் குடுத்துடறேன்."

"எங்க பாஸ்டருகிட்டச் சொல்லிடாதீங்க" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தீர்ப்பு வந்தது. ஊர் ஜனங்களிலிருந்து தேர்ந்தெடுத்து உட்காரவைத்த ஒரு குழு ரகசியமாக விசாரித்து, அந்தப் போலீஸ்காரர் மேல் வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. என் மகள் சமையலறையில் நின்று அழுதாள். "அவன் பேர எழுதுங்கப்பா. எதிரின்னு போட்டு எழுதுங்க. சாமியாவது கேக்கட்டும்." நானும் அப்படித்தான் எழுதி வைத்தேன்.

மாலையில் ரூத் அம்மா தான் இங்கிலீஷில் எழுதிய பிராதுக் காகிதத்தோடு வந்தார். என் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று மகள் படித்துச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"அவன எதிரின்னு எழுதினா சாமிகிட்டயும் அவன் வாயத் தொறக்க மாட்டான். போன மாசம் மளிகைக் கடையில என்னப் பாத்துட்டு, எடுத்த சாமான அப்படியே வுட்டுட்டு ஓடிப் போயிட்டான். இருபத்தஞ்சு வயசுதான் இருக்கும். அடிச்சா ஓடுவான். எனக்கு அவன் ஒக்காந்து பேசணும்."

என் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவர் சொன்னபடி தமிழில் வேறு எழுதினேன்.

ஊர் வந்து சேர்ந்த நாலாம் நாள், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, விருத்தாசலம் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் மணவாளநல்லூர் போனேன். பிராது எழுதிக்கொள்ளும் இடத்தில் எனக்கு முன்னால் ஏழு பேர். என் முறை வந்தது.

"எந்த ஊருங்க?" என்று எழுத்தர் கேட்டார்.

"அமெரிக்கா."

நிமிர்ந்து பார்த்தார். "எத்தினி கிலோமீட்டருங்க போடறது?"

எனக்குப் பின்னால் நின்ற சேத்தியாத்தோப்பு அம்மா ஒருத்தர், "ரோட்டு வழியாவா, ஏரோப்ளேன் வழியான்னு கேட்டுப் போடுங்க சாரு" என்றார். வரிசையே சிரித்தது. மகள் சொல்லி அனுப்பியபடி பதினையாயிரம் என்றேன். அவர் மறுபேச்சு இல்லாமல் எழுதினார்.

"எதிரி பேரு?"

"எதிரி இல்லீங்க."

"எதிரி இல்லாம என்னாங்க பிராது?"

"சாட்சி ஒருத்தர் இருக்காரு. அவரு வாயத் தொறக்கணும். அதான் பிராது."

விஷயம் என்ன என்று கேட்டார். சொன்னேன். சேத்தியாத்தோப்பு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எழுத்தர் எதிரி என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். இங்கிலீஷ் இல்லை, தமிழ் இல்லை, முகம்கூட இல்லாமல் கல்லாக நிற்கிற அந்தச் சாமியின் பாதத்தில் இரண்டு காகிதங்களையும், அந்த அம்மாவின் இங்கிலீஷையும் என் தமிழையும், சேர்த்து வைத்தார்கள். பிறகு முனியப்பர் வேலில் மற்ற பிராதுகளுக்கு நடுவே கட்டிவிட்டேன்.

அந்த வேலைச் சுற்றி எத்தனை காகிதம். நம் ஊரில் இவ்வளவு பேர் சாமியிடம் எழுதிக் கொடுக்கிறார்களே, மனுஷர்கள் உட்காரும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வந்தது என்று யோசித்தேன். அதிகாரம் இருக்கிறவன் கையில் லத்தியா துப்பாக்கியா என்பதுதான் இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் போலிருக்கிறது. எதிரில் நிற்கிறவனின் பயம் ஒன்றுதான்.

பிராது கட்டி இன்றோடு எழுபத்தொரு நாள். நேற்று மகள் போன் செய்தாள். அந்தப் போலீஸ்காரர் வேலையை விட்டுவிட்டாராம். போன சனிக்கிழமை மதியம் ஒரு நீலக் கார் ரூத் அம்மா வீட்டு முன்னால் வந்து நின்றிருக்கிறது. உள்ளே அவர்தான். ரூத் அம்மா எழுந்து வாசலுக்கு வந்து, இரண்டு கையும் தெரியும்படி நின்றிருக்கிறார். காரில் இருந்தவர் பத்து நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்காமல் போய்விட்டார்.

"உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாங்கப்பா" என்றாள் மகள்.

"என்னம்மா?"

"உங்க சாமிகிட்ட நீங்க சொல்லணுமாம். அன்னிலேருந்து அவங்க கதவத் தாப்பா போடலியாம்."