ஷட்டர் ஏறுவதற்குள்

மயிலாப்பூர் மாடவீதிக் கடைகளின் ஷட்டர் ஏறுவதற்குள் கமர் ஜஹான் வேலையை முடித்தாக வேண்டும். காலை ஐந்தரைக்கே நடைபாதையில் குனிந்து குனிந்து போர்வைகளை விலக்கிக்கொண்டு போகிறாள். ஏழு மணியானால் அங்கே படுத்துறங்கும் தாய்மார்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிழைக்கப் போய்விடுவார்கள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் அவள். நாற்பத்தாறு வயது, முழங்கால் வலி வேறு. அவளுடைய நோட்டில் முகவரி என்ற இடத்தில் 'டிரான்ஸ்பார்மர் அடியில்', 'ஜூஸ் கடை வாசல், இடது ஓரம்' என்று எழுதியிருக்கும். கருத்தடைக்கான காப்பர்-டி, ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் கத்தரிக்காய் விலை சொல்லும் குரலில் சொல்வாள். பக்கத்தில் படுத்திருக்கும் ஆண்பிள்ளை புரண்டால் போதும், பேச்சு உடனே கொசுத்தொல்லைக்கு மாறிவிடும்.

பங்குனித் திருவிழாவுக்காக நடைபாதையைக் காலி செய்ததிலிருந்து காவேரியைக் காணோம். மூன்று பிள்ளை பெற்றவள். கடைசிப் பிரசவத்தில் நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் உயிர் தங்கியது. இன்னொன்று வேண்டவே வேண்டாம் என்றார் டாக்டர். மூன்று மாதத்துக்கொரு கருத்தடை ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். அடுத்த ஊசிக்கு நாள் கடந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது.

பூக்காரிகளிடம் விசாரித்து விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டைப் பாலத்தடியில் அவளைப் பிடித்துவிட்டாள் கமர் ஜஹான். இவளைப் பார்த்ததும், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற காவேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இன்னா மே, எங்கிட்டயே ஒளியிற?"

"நீ திட்டுவேன்னு தாங்க்கா. ஊசி போட்டும் தங்கிட்ச்சு. ரெண்டு மாசமா தலைக்கு ஊத்தல."

கலைக்க மாத்திரை வாங்கி வைத்திருப்பதாகவும், ராத்திரி விழுங்கப் போவதாகவும் காவேரி தணிந்த குரலில் சொன்னாள். மருந்துக் கடைக்காரன் டாக்டர் சீட்டுகூடக் கேட்கவில்லையாம். ரத்தம் போக ஆரம்பித்தால் இந்தப் பாலத்தடியில் யார் பார்ப்பார்கள்?

"அந்த ஊசி போட்டா தீட்டு நின்னு போகும்னு சொன்னேனே. புள்ளைன்னு யாரு சொன்னது ஒனக்கு?"

"மூணு புள்ளைக்கும் அப்படித்தான நின்னுச்சு?"

நர்ஸ் காவேரியைக் கட்டணக் கழிப்பறைக்கு அழைத்துப் போய், கர்ப்பப் பரிசோதனை அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினாள். அவள் வெளியே வந்ததும் இருவரும் சுவரோரம் உட்கார்ந்து அந்த அட்டையையே பார்த்தார்கள். ஒரு கோடு விழுந்தது. ஐந்து நிமிடம் காத்தார்கள். இரண்டாவது கோடு விழவில்லை.

"ஒண்ணுன்னா?" என்றாள் காவேரி.

"ஒண்ணுன்னா ஒண்ணுமில்ல."

காவேரி முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரைகளை நர்ஸின் மடியில் போட்டாள். கைக்குழந்தையை மறு தொடைக்கு மாற்றிக்கொண்டு, நர்ஸ் கேட்பதற்கு முன்பே, ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டி, ஊசிக்குக் கையை நீட்டினாள்.