முந்தி வணக்கம் சொல்லாதவள்

என் மனைவிக்கு ஊரில் பூட்டு என்று பெயர். விவசாயக் கடன் கொடுக்கும் அலுவலகத்தில் மனுக்களைப் பார்க்கும் எழுத்தர். நான் சலூன் வைத்திருக்கிறேன். எனக்கு ரேடியோ என்று பெயர். எங்கள் இருவருக்கும் முடிச்சுப் போட்ட என் மாமனாரைத்தான் சொல்ல வேண்டும்.

தெருவில் யாரைப் பார்த்தாலும் அவள் முந்தி வணக்கம் சொல்ல மாட்டாள். அவர்கள் சொன்னால் சொல்வாள். தலைக்கனம் பிடித்தவள் என்று என் அக்காவே பேசினாள்.

"நான் சிரிச்சா, இவனும் கடன் கேட்டிருக்கான்னு பக்கத்துல நிக்கிறவங்க முடிவு பண்ணிடுவாங்க" என்பாள் இவள்.

ஒருநாள் வம்புக்கென்றே கேட்டேன். "எனக்கு உங்க ஆபீஸ்ல கடன் இருக்கா?"

"சொல்ல முடியாது."

"அடியே, நான் உன் புருஷன்! எனக்கு ஏது நிலம்?"

"ஒருத்தருக்கு இல்லைன்னு சொல்லிட்டா, அடுத்தவருக்கு நான் பேசாம இருக்கிறதே ஆமான்னு ஆயிடும். அதனால எல்லாருக்கும் ஒரே பதில்தான்."

போன அறுவடையின்போது எங்கள் ஊர்த் தக்காளிக்காரருடைய தோட்டத்து மோட்டார் எரிந்துபோனது. செடி நிறையக் காய், பாய்ச்சத் தண்ணீர் இல்லை. கடன் கிடைத்தால் புது மோட்டார். கிடைக்காவிட்டால் வந்த விலைக்குச் செடியிலிருக்கும் காயை மொத்தமாகத் தள்ளிவிட வேண்டியதுதான். இதை மோப்பம் பிடித்த காய்கறி மண்டிக்காரர் என் கடை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"அவனுக்குக் கடன் கிடைச்சுதான்னு மட்டும் வீட்டுல கேட்டுச் சொல்லு. இல்லைன்னா பாதி விலைக்கு அள்ளிடுவேன். என் ஆளுங்க எல்லாரும் இனிமே உன்கிட்டதான் முடி வெட்டுவாங்க."

ஆசை யாரை விட்டது? அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் நைசாகக் கேட்டேன். கத்தி நின்றது.

"உங்ககிட்ட சொன்னா கடைத்தெருவுல மைக் வச்சு சொன்ன மாதிரி. அந்த மனுஷன் என்னை நம்பி வீட்டு நிலவரம் பூரா சொல்லிட்டுப் போயிருக்கார். அதை வச்சு அவரை உரிக்கவா?"

அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

மறுநாள் மண்டிக்காரர் கன்னத்தில் சோப்பு நுரையோடு கேட்டார். "என்ன ஆச்சு, கிடைச்சுதா?"

"சொல்ல முடியாது."

"அப்ப கிடைக்கலையா?"

"அதுவும் சொல்ல முடியாது. தாடையை ஆட்டாதீங்க, கத்தி இருக்கு."

என் வாயிலிருந்தா இது என்று எனக்கே ஆச்சரியம். அவர் தவித்துப் போனார். கடன் வந்திருந்தால் தக்காளிக்காரர் வேறு மண்டிக்குப் போய்விடுவார் என்ற பயத்தில், அன்றே ஓடி முழு விலை பேசி முடித்தார்.

அடுத்த வாரம் நானும் அவளும் சந்தைக்குப் போனோம். எதிரே தக்காளிக்காரர். இவள் வழக்கம்போல ஒரு கத்தரிக்காயைக் கையிலெடுத்து உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். அவரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்தார்.

"வணக்கம்மா!" சந்தையே திரும்பிப் பார்த்தது. "உங்க ஆபீஸ்ல எனக்குக் கடன் இல்லைன்னுட்டாங்க. அது மட்டும் வெளிய தெரிஞ்சிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும். இப்ப வித்த காசுலயே மோட்டார் வாங்கிட்டேன்!"

"வணக்கம்" என்று கைகூப்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

வீடு திரும்பும் வழியில் பையை வாங்கிக்கொண்டு கேட்டேன். "அப்ப அவருக்கு உண்மையாவே கடன் கிடைக்கலையா?"

"சொல்ல முடியாது" என்றாள்.