இறுக்கமாக மூடிய ரைபிள்

ரோவில் புறநகரில் வசிக்கும் கௌரிசங்கர் எதையும் அளந்து செய்பவர். மருந்து ஆய்வகத்தில் வேலை. வார இறுதியில் துப்பாக்கி கிளப்பில் இலக்குச் சுடுதல். கடைத் தோட்டா வாங்க மாட்டார். சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளில் வெடிமருந்தும் குண்டும் வைத்து, கேரேஜில் தானே தயாரிப்பார். எவ்வளவு வெடிமருந்து போடுவது, குண்டு எவ்வளவு வெளியே நீட்டியிருப்பது என்றெல்லாம் தன் பழைய ரைபிளுக்காக இரண்டு வருடம் பரிசோதித்து முடிவு செய்திருந்தார்.

அந்த ரைபிளை விற்றபோது முப்பது தோட்டாக்கள் மிஞ்சின. கிளப் நண்பர் சிறி அதே அளவில் புது ரைபிள் வாங்கியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், லொறி ஓட்டுநர். வேறு ரைபிளுக்கு அந்தத் தோட்டாக்களை அப்படியே கொடுக்கக் கூடாது. பிரித்து, குறைந்த மருந்தில் தொடங்கி, புது ரைபிளுக்கேற்ப மறுபடி நிரப்ப வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு கௌரி சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். ஆனால் அது ஒரு மாலை நேர வேலை. அவருக்குச் சோம்பலாக இருந்தது. அப்படியே சிறியிடம் நீட்டினார்.

"ரெண்டும் ஒரே சைஸ்தானே கௌரி?"

"ஆமாண்ணே, தாராளமா போடலாம்."

கிளப்பில் ஜூலை மாதக் காலை, அங்கே அது குளிர்காலம். மூச்சுப் பட்டு மங்கிய பாதுகாப்புக் கண்ணாடியை சிறி கழற்றி வைத்திருந்தார். கௌரி அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் தோட்டாவைப் போட்டு ரைபிளை மூடியபோது சிறி திரும்பினார்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

"புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்."

வெடிச்சத்தம் வழக்கத்தைவிடக் கூர்மையாக இருந்தது. சிறி முகத்தைப் பொத்திக்கொண்டு சாய்ந்தார். நீட்டிக்கொண்டிருந்த குண்டு புதுக் குழலில் முட்டியதால் அழுத்தம் எகிறியிருந்தது. தோட்டாவின் அடிப்பகுதி பிளந்து, சூடான வாயுவும் பித்தளைத் துகளும் அவருடைய வலது கண்ணில் பாய்ந்திருந்தன.

ஓடி வந்த கிளப்பின் பாதுகாப்பு அதிகாரியிடம் சிறி, "ரைபிள்ல ஏதோ பிழை போல" என்றார். கௌரி வாயைத் திறக்கவில்லை.

கண் தப்பியது, பார்வை பாதிதான் திரும்பியது. கனரக வாகன உரிமம் போனது. சிறி ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார். ரைபிளைச் சோதித்த துப்பாக்கி மெக்கானிக், ரைபிளில் குறை எதுவுமில்லை என்று எழுதிக்கொடுத்தார். அது தெரிந்தும் கௌரி இன்னும் மூன்று வாரம் பேசாமல் இருந்தார். ஆய்வகத்தில் தராசைத் தொடும்போதெல்லாம் 'தாராளமா' என்று தான் சொன்னது காதில் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறியின் வீட்டுக்குப் போனார். சிறியும் அவர் மனைவி யுவனேஸ்வரியும் இருந்தார்கள். உட்காராமலே சொன்னார்.

"தப்பு என்னோடதுண்ணே. அந்தத் தோட்டா உங்க ரைபிளுக்கு ஆகாது. தெரிஞ்சுதான் கொடுத்தேன். இறுக்கமா இருக்குன்னு நீங்க சொன்னப்பவாவது நிறுத்தியிருக்கணும்."

சிறி ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அந்த மெக்கானிக் சொன்ன அண்டைக்கே விளங்கிட்டுது. நீங்களா வந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இருங்கோ."

யுவனேஸ்வரி தேநீரை வைத்துவிட்டு நின்றாள்.

"அவர் மன்னிச்சிட்டார், கௌரி. எனக்கு நாள் எடுக்கும்."

"சரிங்க" என்றார் கௌரி. அதற்கு மேல் கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. மறுநாள் நடந்ததை அப்படியே எழுதி கிளப்புக்கு அனுப்பினார். அவருடைய உறுப்பினர் உரிமையை நிறுத்தி வைத்தார்கள். அவர் மறுப்பு எதுவும் எழுதவில்லை.