அரட்டை அறையின் காவல்காரி ராஜேஸ்வரி

செய்தி கட்டாரிலிருந்து வந்தது. எங்கள் பழைய இணைய அரட்டை அறையில் 'சாதிக்காய்' என்ற பெயரில் உலவிய நண்பர் போனில் கூப்பிட்டு, "மிளகு, நம்ம கிராம்பு போயிட்டாங்க" என்றார். மிளகு நான். கிராம்பு என்பது ராஜேஸ்வரி. உக்குவளையில் நடந்த சாவு, பக்கத்தில் பல்லேபொலையில் இருக்கும் எனக்குக் கட்டார் சுற்றி வந்து சேர்ந்தது. இதைக் கேட்டிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். நான் அழுதேன். ஆனால் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் அந்த வெள்ளிக்கிழமைதான் வந்து நிற்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கை பரபரக்கிறது.

இலங்கையில் யுத்த காலம் அது. அவள் உக்குவளையில் போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்தாள். நான் பல்லேபொலையில் மிளகும் கிராம்பும் விளையும் வாசனைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் இருந்தேன். மலையகத்தவர்கள் இருபது முப்பது பேர் எங்கெங்கோ இருந்து ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிப் பேசிக்கொண்ட அந்த அறைக்கு நாங்கள் இருவரும்தான் காவல். யார் தகாத வார்த்தை பேசினாலும் ஒரு கட்டளையில் வெளியே தள்ளலாம், திரும்பி வராதபடி தடை போடலாம். அடடா, அந்த அதிகாரம் தந்த மிதப்பு இருக்கிறதே! நான் தடை போட்டுவிட்டுத்தான் யோசிப்பேன். அவள் நேர்மாறு. "கோவத்துல பேன் போடாத மல்லிகா. போயி ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டு வா" என்பாள். சொந்தப் பெயரையோ ஊரையோ அறையில் யாரும் எழுத விடமாட்டாள். "வெளிய காலம் சரியில்லங்க. இங்க நீங்க தும்பி, அவரு சாதிக்காய், அவ்வளவுதான்."

தும்பி யட்டவத்தைப் பக்கத்துப் பெண். அம்மா குவைத்தில் ஆஸ்பத்திரி துப்புரவு வேலையில் இருந்தார். வெள்ளிக்கிழமை நம் நேரம் மூன்றரை மணிக்கு அம்மா அங்கே ஓர் இணையக் கடைக்கு வருவார், மகள் மாத்தளை டவுனில் ஒரு கடைக்கு வருவாள். தனியாகப் பேசும் சன்னலைத் திறக்க அந்த அம்மாவுக்குப் பழக்கமில்லை. எல்லோருக்கும் தெரியும்படி அறையிலேயே தட்டுவார். அதனால் நாங்களாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். அவர்கள் பேசும் நேரத்தில் வேறு யாரும் ஓர் எழுத்துக்கூடத் தட்டமாட்டோம்.

அப்போதுதான் ஒருவன் முளைத்தான். பெண் பெயரைக் கண்டால் போதும், அசிங்கமாக எழுதி அனுப்புவான். பெயரைத் தடை செய்தால் வேறு பெயரில் வருவான். தும்பியின் அம்மாவுக்கும் அனுப்பிவிட்டான். "இன்னொரு தடவ அந்த ஆளக் கண்டா நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று அவர் எழுதிவிட்டுப் போனார். எனக்குத் தலைக்கு மேல் கோபம். அவன் எந்த இணைப்பிலிருந்து வருகிறானோ அந்த முகவரிக்கே ஒரேயடியாகத் தடை போட்டேன். பிரமாதம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி இரண்டு மணிக்கு ராஜி எனக்குப் போன் எடுத்தாள். "மல்லிகா, தும்பி மாத்தளையில நிக்கிறா. உள்ள வர முடியலயாம். அழுவுறா." ஒரு கடையின் எல்லாக் கணினிக்கும் முகவரி ஒன்றுதான். நான் அவனோடு சேர்த்து மொத்தக் கடையையும் பூட்டியிருந்தேன். அந்தக் கடைதான் தும்பியின் கடை.

தும்பிக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்திருந்தது. அம்மாவோ மறுநாள் காலை இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்து வைக்க இருந்தார். அவர் தங்கும் இடத்தில் போன் கிடையாது. இன்று சொன்னால்தான் உண்டு.

"இப்பவே எடுத்துர்றேன்" என்றேன்.

"எடுத்தா அவனும் வருவான். அவனக் கண்டா அம்மா போயிருவாங்க. நான் கடைக்குப் போறேன். சொன்னதும் எடு."

பஸ்ஸை வழியில் நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்தார்களாம். அவள் கடைக்குள் நுழையும்போது மூன்றே கால். தும்பி அங்கே ஒரு மூலையில் காத்திருந்தாளாம். யாரோ ஒருவன் தொல்லை கொடுக்கிறான் என்று மட்டும் அவள் சொல்ல, முதலாளி தேத்தண்ணீர் வரவழைத்துக் கொடுத்து, "இந்தக் காலத்துப் பயலுகள நம்பவே ஏலாது தங்கச்சி" என்று அனுதாபப்பட்டாராம். ஐந்து பேர் கணினிகளில் இருந்தார்கள். கைபேசியில் மெல்ல "எடு" என்றாள். தடையை எடுத்தேன். 'பூங்கொடி' என்று ஒரு பெயரில் நானே தூண்டிலாக உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, வந்துவிட்டான்!

"தள்ளு" என்றாள் ராஜி போனில், யார் முகம் மாறுகிறது என்று பார்க்க. தள்ளினேன். ஐந்து பேரில் ஒருவரும் அசையவில்லை. அவன் திரும்பி வந்தான். மறுபடியும் தள்ளினேன். அசைவில்லை. மணி மூன்று இருபத்தைந்து. மூன்றாம் முறை தள்ளியதும், போனில் எனக்கே கேட்டது, யாரோ மேசையில் ஓங்கி அடித்து "சே!" என்றார்கள்.

முதலாளி.

அவள் கத்தவில்லை. நான் என்றால் கடையையே கூட்டியிருப்பேன். "முதலாளி, கொஞ்சம் எழும்புங்க. தங்கச்சிக்கு இந்தக் கதிர வேணும். நீங்க வெளிய நில்லுங்க" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். எழுந்து வெளியே போய்த் தன் கடை வாசலிலேயே, வாடிக்கையாளர்களுக்கு வழிவிட்டுக்கொண்டு நின்றார். எத்தனையோ பேருக்குத் தடை போட்டிருக்கிறேன். ஒரு மனிதனை நாற்காலியிலிருந்தே தடை செய்ததை அன்றுதான் பார்த்தேன், அதாவது கேட்டேன்.

மூன்றரைக்கு அம்மா வந்தார். அறை அடங்கியது. தும்பி தட்டினாள்: "அம்மா, டீச்சர் வேல கெடச்சிருச்சி. சைன் வைக்காதீங்க. வீட்டுக்கு வாங்க."

பதில் இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இணைப்பு போய்விட்டதோ என்று நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். பிறகு வந்தது: "சரி மகள். வர்றேன்."

எங்கள் வழக்கம் அன்றைக்குத்தான் உடைந்தது. கட்டார், துபாய், கொழும்பு, ஹட்டன் என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கொட்டித் தீர்த்தார்கள். நான் அலுவலகத்தில் எழுந்து நின்று கை தட்டினேன். மிளகு காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஆரவாரம் அடங்கியதும் தும்பி கேட்டாள், "கடைக்கு யாரு பேன் போட்டது?"

என் விரல்கள் எழும்பவில்லை. ராஜி பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து தட்டினாள்: "நான்தான்டி. கை தவறிப் போச்சி. மன்னிச்சிக்க." தும்பி சிரித்து மன்னித்தாள். அதற்குப் பிறகு அறையில் எல்லோரும் ராஜியைக் கேலி செய்தார்கள், "கிராம்பு ஊரையே பூட்டுவாங்க" என்று. அவளும் சேர்ந்து சிரித்தாள். தனியாக இருந்தபோதுகூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் தும்பியிடம் உண்மையைச் சொல்லவில்லை.

அன்பான அறைக்காரர்களே, அவளுடைய பொறுமையை நான் வைத்துக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். பொய்யாகிவிடும், இன்றும் எனக்குக் கோபம்தான் முந்திக்கொள்கிறது. அவளிடமிருந்து நான் திரும்ப வாங்கிக்கொள்வது ஒன்றே ஒன்று. தும்பி, நீ இதை வாசிப்பாய். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு. அன்றைக்கு உன்னை வெளியே நிறுத்தியது ராஜேஸ்வரி இல்லை. நான்.